சிலோன், இலங்கை, ஸ்ரீலங்கா, ஈழம்: ஒரு தீவின் பெயர்ச் சண்டை

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஒரு பரோட்டா கடைக்குப் போனால் 'சிலோன் பரோட்டா' கிடைக்கும். அதே கடையில் கிடக்கும் தினசரியைப் புரட்டினால் 'இலங்கை கடற்படை' என்று இருக்கும். டிவியில் கிரிக்கெட் ஓடினால் வர்ணனையாளர் 'ஸ்ரீலங்கா' என்பார். எதிர்ச்சுவரில் ஏதாவது ஒரு கட்சியின் போஸ்டர் இருந்தால் அதில் 'ஈழம்'. நாலும் ஒரே தீவுதான். ஆனால் இந்த நான்கு பெயர்களையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், உடனே உறுத்தும். 'ஈழக் கடற்படை' என்று யாரும் எழுதமாட்டார்கள். 'ஸ்ரீலங்காத் தமிழர்' என்று ஒரு மேடைப் பேச்சாளர் சொன்னால் கூட்டம் ஒரு மாதிரியாகப் பார்க்கும்.

உலகத்தில் இப்படிப் பெயரால் சிக்கிக்கொண்ட இன்னொரு தீவு அயர்லாந்து. அந்தத் தீவில் மொத்தம் 32 கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரி). 1921இல் பிரிட்டன் அதைப் பிரித்தபோது வடக்கே 6 கவுண்டிகள் பிரிட்டனோடு நின்றன, மீதி 26 தனியாகப் போயின. தனியாகப் போன நாடு 1937இல் எழுதிய அரசியல் சட்டத்தில் தன் பெயரை 'ஏரா' என்றும், ஆங்கிலத்தில் 'அயர்லாந்து' என்றும் வைத்துக்கொண்டது. அதாவது கையில் இருப்பது 26, பெயரோ 32க்கும் உரியது! பிரிட்டன் சும்மா இருக்குமா? ஆங்கிலத்தில் எழுதும்போதுகூட 'ஏரா' என்றே விடாப்பிடியாக எழுதியது. 'அயர்லாந்து' என்று எழுதிவிட்டால் முழுத் தீவையும் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்ற பயம். 1998இல் புனித வெள்ளி ஒப்பந்தம் வந்த பிறகுதான் இந்தக் கண்ணாமூச்சி முடிந்தது. இன்னொரு வேடிக்கை: தீவின் வடகோடி முனை இருப்பது 'வட அயர்லாந்தில்' அல்ல, 'தெற்கு' என்று சொல்லப்படும் குடியரசில்.

அயர்லாந்தில் ஒரு நாடு முழுத் தீவின் பெயரை எடுத்துக்கொண்டது. நம் பக்கத்துத் தீவில் நடந்தது ஏறக்குறைய இதற்குத் தலைகீழ். முழுத் தீவுக்கும் உரிய ஒரு பழைய தமிழ்ப் பெயர், கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி அதன் ஒரு பகுதிக்கான பெயராகிவிட்டது. அது எப்படி நடந்தது என்பதுதான் விஷயம்.

ஈழம் என்ற சொல் நேற்று இயக்கங்கள் கண்டுபிடித்த சொல் அல்ல. மதுரைக்குப் பக்கத்தில் திருப்பரங்குன்றத்தில் சுமார் இரண்டாயிரம் வருடப் பழமையான தமிழ் பிராமி கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதில் எருக்காட்டூரைச் சேர்ந்த ஒரு 'ஈழக் குடும்பிகன்' வருகிறான். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து இறங்கும் சரக்குகளில் ஈழத்து உணவும் உண்டு. சங்கப் புலவர்களில் ஒருவருக்கு ஈழத்துப் பூதன்தேவனார் என்றே பெயர். பிறகு சோழர் காலம். முதலாம் பராந்தகனின் பட்டத்திலேயே மதுரையோடு ஈழமும் சேர்ந்து வருகிறது. ராஜராஜன் தீவின் வடபகுதியைப் பிடித்ததும் அதற்கு 'மும்முடிச் சோழ மண்டலம்' என்றும், பொலன்னறுவைக்கு 'ஜனநாதமங்கலம்' என்றும் புதுப் பெயர் சூட்டினார்கள். (பிடித்த ஊருக்குப் பெயர் மாற்றும் வியாதி இன்று வந்ததல்ல.) அந்தப் பெயர்கள் சோழரோடு போய்விட்டன. ஈழம் போகவில்லை. 'சீகளம்' என்ற சொல்தான் திரிந்து ஈழம் ஆனது என்பார் ஒரு சாரார், இல்லை, அது தனித் தமிழ்ச்சொல் என்பார் இன்னொரு சாரார். பழைய அகராதிகளில் ஈழத்துக்குக் கள், பொன் என்றெல்லாம் கூடப் பொருள் இருக்கிறது. அந்த ஆராய்ச்சிக்குள் இங்கே போகவேண்டாம். இந்தச் சான்றுகளில் ஈழம் என்றால் கடலுக்கு அப்பால் உள்ள அந்த நாடு, அங்கே ஆள்கிறவன் சிங்கள மன்னன் என்றாலும் சரி.

இலங்கையும் பழைய சொல்தான். சிலப்பதிகாரத்தில் கண்ணகி விழாவுக்கு வரும் கயவாகு இலங்கை மன்னன். அது மட்டுமல்ல, தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓர் 'இலங்கை' இருந்தது! சிறுபாணாற்றுப்படையின் நாயகன் நல்லியக்கோடனின் ஊர் மாவிலங்கை. அவன் ஆண்ட ஓய்மா நாடு திண்டிவனம் பக்கம். மந்தாரக்குப்பத்திலிருந்து வடக்கே பஸ் ஏறினால் சில மணி நேரம்.

வெளியார் வைத்த பெயர்களோ தனிக் கூட்டம். கிரேக்கர்களுக்குத் தப்ரபேன், அரபு வணிகர்களுக்கு செரந்தீப், போர்ச்சுகீசியருக்கு செயிலாவ், கடைசியில் ஆங்கிலேயருக்கு சிலோன். 1815இல் கண்டி விழுந்ததும் முழுத் தீவும் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. அதற்கு முன்பு யாழ்ப்பாண அரசு, கோட்டை அரசு, கண்டி அரசு என்று தனித்தனியாக இருந்தவை 1833இல் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. ஆக, 'சிலோன்' என்பது வெறும் பெயர் அல்ல. ஒரே கச்சேரியின் கீழ் ஆளப்பட்ட ஒரே நாடு என்ற ஏற்பாட்டுக்கே அதுதான் பெயர்.

1948 பிப்ரவரி 4ஆம் தேதி சுதந்திரம் வந்தபோதும் ஆங்கிலத்தில் சிலோன்தான். தமிழில் இலங்கை, சிங்களத்தில் லங்கா. இதில் யாருக்கும் பெரிய சண்டை இல்லை. அப்போது 'ஈழம்' என்ற சொல்லும் சாதுவாகத்தான் இருந்தது. நா. பொன்னையா யாழ்ப்பாணத்தில் 1930இல் தொடங்கிய பத்திரிகை 'ஈழகேசரி'. 1959இல் அங்கே தொடங்கிய இன்னொரு பத்திரிகை 'ஈழநாடு'. கனக செந்திநாதன் 1964இல் எழுதிய நூல் 'ஈழத்து இலக்கிய வளர்ச்சி'. கைலாசபதி, சிவத்தம்பி போன்ற இடதுசாரி விமர்சகர்கள் 'ஈழத்து இலக்கியம்' என்று தாராளமாக எழுதினார்கள். அவர்கள் சொன்ன ஈழத்தில் கொழும்பும் மலையகமும் அடக்கம். யாரும் அதைத் தனிநாட்டுக் கோஷமாகப் படிக்கவில்லை.

அப்புறம் எங்கே கெட்டது? ஒரு எழுத்தில். அந்த எழுத்து 'ஸ்ரீ'.

1956இல் பண்டாரநாயக்க 'சிங்களம் மட்டும்' சட்டம் கொண்டுவந்தார். அடுத்த வருடம் வாகன நம்பர் பிளேட்டுகளில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. யாழ்ப்பாணத்தில் ஓடும் பஸ்ஸிலும் அதுவே என்றதும் தமிழர் பகுதிகளில் தார் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். தமிழரசுக் கட்சி 'சிங்கள ஸ்ரீ எதிர்ப்பு' இயக்கமே நடத்தியது. பதிலுக்குத் தெற்கே தமிழ் எழுத்துப் பலகைகளில் தார் பூசப்பட்டது. 1958 ஏப்ரலில் பண்டா-செல்வா ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது, மே மாதம் பெரிய கலவரம் வெடித்து உயிர்கள் போயின. ஒரு நம்பர் பிளேட்டுக்காகவா என்று இன்று கேட்கத் தோன்றும். நம்பர் பிளேட் ஒரு சாக்கு. இந்த நாடு யாருடையது என்பதுதான் கேள்வி, அதை ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் பின்னாலும் எழுதி ஓட்டினால் எப்படி இருக்கும்?

அந்தத் தார் காய்ந்து பதினான்கு வருடங்கள் கழித்து, 1972 மே 22ஆம் தேதி, அதே ஸ்ரீ நாட்டின் பெயரிலேயே வந்து உட்கார்ந்தது. சிலோன் குடியரசாகி 'ஸ்ரீலங்கா' ஆனது. பண்டாரநாயக்க 1951இல் ஆரம்பித்த கட்சியின் பெயர் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி; 1972இல் பிரதமர் அவர் மனைவி சிறிமாவோ, அதே கட்சி. நாட்டுக்குக் கட்சியின் பெயரை வைத்தார்கள் என்று சொன்னால் அது அநியாயம், ஏனென்றால் ஸ்ரீலங்கா என்பது அதற்கு முன்பே சிங்களத்தில் புழங்கிய சொல், தேசிய கீதத்திலும் இருந்தது. ஆனால் அந்தப் பெயர் வந்த கூட்டுச் சரக்கைப் பார்க்கவேண்டும். அதே அரசியல் சட்டம் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது, சிங்களத்தை ஆட்சிமொழியாக உறுதி செய்தது, சிறுபான்மையினருக்குப் பழைய சட்டத்தின் 29ஆம் பிரிவு தந்த பாதுகாப்பை எடுத்துவிட்டது. தமிழரசுக் கட்சியினர் அதற்கு முந்தைய வருடமே அரசியல் நிர்ணய சபையிலிருந்து வெளியேறிவிட்டார்கள். அந்தச் சட்டத்தை வரைந்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. இரண்டு மொழிகளை ஏற்றால் ஒரு நாடாக இருப்போம், ஒன்றை மட்டும் ஏற்றால் இரண்டு நாடாவோம் என்று 1956இல் எச்சரித்த அதே மனிதர்!

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 1972இல் பெயர் மாறியது ஆங்கிலத்திலும் சிங்களத்திலும்தான். தமிழில் மாறவே இல்லை. அரசாங்கத்தின் தமிழில் அது முன்பும் இலங்கை, பின்பும் இலங்கை. 1978 அரசியல் சட்டப்படி நாட்டின் முழுப் பெயர் 'இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசு'. தபால்தலையைப் பார்த்தால் சிங்களத்தில் ஸ்ரீ லங்கா, தமிழில் இலங்கை என்று இருக்கும். பேங்க் ஆஃப் சிலோன் எப்போதுமே 'இலங்கை வங்கி'தான். 2011இல் அரசு நிறுவனங்களின் பெயர்களில் மிச்சமிருந்த 'சிலோனை' எடுக்கப்போவதாக கொழும்பு அறிவித்தபோதும் தமிழ்ப் பலகைகளில் மாற்ற ஒன்றுமில்லை. அதனால்தான் 'இலங்கை' இன்றும் ஓரளவு நடுநிலைச் சொல்லாகப் பிழைத்திருக்கிறது. தனிநாடு கேட்டவரும் எழுதலாம், கேட்காதவரும் எழுதலாம்.

ஈழத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1976 மே 14இல் தமிழர் விடுதலைக் கூட்டணி வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. கேட்ட நாட்டின் பெயர் 'தமிழீழம்'. இந்தப் பெயரை நிதானமாகப் பிரித்துப் பார்த்தால், ஈழம் என்பது முழுத் தீவு, அதில் தமிழர் வாழும் பகுதி தமிழீழம் என்று வரும். முன்னால் இருக்கும் 'தமிழ்' என்ற அடைமொழியே, அடைமொழி இல்லாத ஈழம் அதைவிடப் பெரியது என்று ஒத்துக்கொள்கிறது. ஆனால் கோஷம் போடுகிறவர்களுக்கு நீளமான சொல் ஆகாது. போஸ்டரிலும் மேடையிலும் தமிழீழம் சுருங்கி ஈழம் ஆனது. 1983 ஆகஸ்டில், ஜூலைப் படுகொலைகள் நடந்த கையோடு, தனிநாடு கேட்பதையே குற்றமாக்கும் ஆறாவது திருத்தம் வந்தது. அதன்பின் தெற்கே 'ஈழம்' என்று சொல்பவன் புலி என்று அர்த்தம். இரண்டு தரப்பும் சேர்ந்தே ஒரு பழைய சொல்லைச் சுருக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டு மேடைகளும் இதில் பங்காளிகள்தான்.

பெயருக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது இன்னும் சிக்கல். தமிழரசுக் கட்சி தொடக்கத்தில் 'தமிழ் பேசும் மக்கள்' என்ற சொல்லைப் பயன்படுத்தியது. அதில் வடகிழக்குத் தமிழரும் முஸ்லிம்களும் மலையகத்தாரும் அடங்குவார்கள். 'தமிழீழம்' என்றபோது கிழக்கு மாகாண முஸ்லிம்களில் பலர் தமிழ் பேசினாலும் தாங்கள் தமிழர் இல்லை என்று ஒதுங்கினார்கள். 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய பிறகு அந்தப் பெயருக்குள் வர அவர்களுக்குக் காரணமே இல்லாமல் போயிற்று.

மலையகத் தமிழர் நிலை இதைவிடப் பரிதாபம். தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியவர்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பான்மையினரை நாடற்றவர் ஆக்கியது. மக்கள்தொகைக் கணக்கில் 'இந்தியத் தமிழர்'. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகவும் 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வதாகவும் பேசி முடித்தார்கள், அவர்களில் ஒருவரையும் கேட்காமல். அப்படித் திரும்பி நீலகிரிக்கு வந்து இறங்கியவர்களுக்கு இங்கே கிடைத்த பெயர் 'சிலோன்காரர்'. அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர்! கூட்டணியின் தலைவர்களில் ஒருவராக இருந்த தொண்டமானும் தனிநாட்டுக் கோரிக்கையில் சேராமல் விலகி நின்றதில் ஆச்சரியமில்லை. அவருடைய மக்கள் வாழும் நுவரெலியா அந்த வரைபடத்திலேயே கிடையாது.

1983க்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தவர்களுக்கு இன்னொரு பெயர்: அகதி. கடலூர் மாவட்டம் உட்பட மாநிலம் முழுக்க முகாம்கள். முகாமிலேயே பிறந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்றவர்களும் அகதிதான். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. குடியுரிமைப் பிரச்சினை தீரவில்லை, பலகை மாறியது.

அயர்லாந்து மாதிரியே இங்கும் சின்னச் சின்ன எழுத்துகளில் சண்டை உண்டு. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் இணைந்தபோது அது 'வடகிழக்கு மாகாணம்', ஒரே சொல். 2006 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அந்த இணைப்பு செல்லாது என்றதும், 2007 ஜனவரி முதல் 'வடக்கு, கிழக்கு'. நடுவில் கால்புள்ளி. கட்சிப் பெயர்களும் அப்படியே. 1949இல் செல்வநாயகம் தொடங்கிய கட்சி ஆங்கிலத்தில் 'ஃபெடரல் பார்ட்டி', தமிழில் 'தமிழரசுக் கட்சி'. ஆங்கிலப் பெயர் சமஷ்டி என்கிறது, தமிழ்ப் பெயரோ தமிழ் அரசு என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த சிங்களத் தலைவர்கள் சந்தேகப்பட்டார்கள். அந்தக் கட்சி பிரிவினை கேட்கிறது என்று போடப்பட்ட வழக்கில், சமஷ்டி கேட்பது பிரிவினை ஆகாது என்று 2017இல்தான் உச்சநீதிமன்றம் சொன்னது. கட்சிக்கு அப்போது வயது 67.

2009 மே மாதம் போர் முடிந்தது. அதன்பின் தகராறு தேசிய கீதத்துக்கு வந்தது. ஆனந்த சமரக்கோனின் சிங்களப் பாடலுக்குப் பண்டிதர் மு. நல்லதம்பி செய்த தமிழாக்கம் நெடுங்காலமாகத் தமிழ்ப் பள்ளிகளில் பாடப்பட்டு வருவது. 2010 டிசம்பரில் அதை நிறுத்தப்போகிறார்கள் என்ற செய்தியால் சர்ச்சை எழுந்தது. 2016 சுதந்திர தினத்தில் கொழும்பு அரச விழாவிலேயே தமிழில் பாடினார்கள், 2020 விழாவில் விட்டுவிட்டார்கள். அந்தத் தமிழ்ப் பாடல் 'ஸ்ரீலங்கா' என்ற சொல்லில் தொடங்குகிறது. போகப்போக, முழுத் தீவையும் குறித்து, 'ஈழம்' என்ற சொல்லும் அதில் வருகிறது. பாடல் அச்சாகியிருப்பது அரசியல் சட்டத்தின் தமிழ்ப் பிரதியில், அட்டவணைப் பகுதியில். தனிநாடு கேட்பதைத் தடைசெய்யும் ஆறாவது திருத்தமும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.