கூஜாவும் சைக்கிளும்: ஒரு பாட்டில் ஹோல்டரின் சரித்திரம்

எங்கள் லக்ஷ்மிபாய் நகர் பக்கம் இரண்டு கோடையாகவே ஒரு கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது. "சார், எவர்சில்வர் பாட்டில் நிற்கிற மாதிரி சைக்கிளுக்கு நல்ல ஹோல்டர் எங்கே கிடைக்கும்?" பிள்ளைகள் பள்ளிக்கும் ட்யூஷனுக்கும் சைக்கிளில் போகிறார்கள். பல வீடுகளில் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு விடை கொடுத்தாகிவிட்டது. ஆனால் கடையில் விற்கும் ஹோல்டரில் ஸ்டீல் பாட்டிலை வைத்தால், ஒன்று உள்ளே போகமாட்டேன் என்கிறது, இல்லாவிட்டால் முதல் வேகத்தடையிலேயே எகிறிக் குதித்து நடுரோட்டில் உருள்கிறது. பாட்டில் உருண்டால் போகட்டும். அதைப் பிடிக்க ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஸ்ரீ அரவிந்தோ மார்க் போக்குவரத்தில் சட்டென்று திரும்புவதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிற ஆசாமி. இஞ்சினியர் இல்லை. ஆனால் எந்தக் கணக்கையும் ஆரம்ப இருப்பிலிருந்து பார்க்கிற பழக்கம் மட்டும் உண்டு. அப்படிப் பார்த்ததில் இந்தக் கம்பிக் கூண்டுக்குப் பின்னால் ஒரு நல்ல சரித்திரமே இருக்கிறது. அது தெரிந்துவிட்டால் எதை வாங்குவது என்ற குழப்பமும் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் நம் ஊர் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். 1949ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1951ல் சோனிபட்டில் அட்லஸ். 1956ல் லூதியானாவில் ஹீரோ. நம் அப்பாக்களும் தாத்தாக்களும் ஓட்டிய அந்தக் கறுப்பு வண்டிகளை ஞாபகப்படுத்திப் பாருங்கள். கேரியர் உண்டு, ஸ்டாண்டு உண்டு, செயின் கவர் உண்டு, மணி உண்டு, டைனமோ உண்டு, காற்றடிக்கும் பம்பைச் செருகக்கூட இடம் உண்டு. தண்ணீர் வைக்க மட்டும் இடம் கிடையாது!

மறந்துவிட்டார்களா என்ன? தேவைப்படவில்லை என்பது என் கணக்கு. வழியில் தண்ணீர் இருந்தது. நம் பக்கம் தண்ணீர்ப் பந்தல், சத்திரம், கிணறு, தெருக்குழாய். இங்கே டெல்லியில் 'ப்யாவ்' என்று சொல்வார்கள். பானைகளை வரிசையாக வைத்து, போகிறவர் வருகிறவர் கையில் ஒருவர் தண்ணீர் ஊற்றுவார். தர்மக் காரியம். 1957ல் டெல்லியில் நடந்த பயணங்களில் சுமார் 36 சதவீதம் சைக்கிளில்தான் என்று போக்குவரத்து ஆய்வுகள் சொல்கின்றன. மத்திய தலைமைச் செயலகத்துக்கு குமாஸ்தாக்கள் கூட்டம் கூட்டமாக மிதித்துக்கொண்டு போன காலம் அது. 1981ல் அது 17 சதவீதம் ஆகிவிட்டது. சைக்கிளும் குறைந்தது, ப்யாவும் குறைந்தது. மிதிப்பவர் தன் தண்ணீரைத் தானே சுமக்க வேண்டிய காலம் வந்தது.

பழைய காலத்தை ஒரேயடியாகப் புகழவும் முடியாது. அந்தப் பானையில் எல்லோரும் குடிக்க முடிந்ததா? வெள்ளைக்காரன் காலத்து ரயில் நிலையங்களில் இந்துத் தண்ணீர், முஸ்லிம் தண்ணீர் என்று தனித்தனியாகக் கொடுத்த தேசம் இது. கூஜாவை ஞாபகம் இருக்கிறதா? பித்தளையிலோ வெள்ளியிலோ, பிற்பாடு எவர்சில்வரிலோ செய்து, திருகு மூடியும் மேலே வளைந்த கைப்பிடியும் வைத்த பாத்திரம். ஜி.டி. எக்ஸ்பிரஸில் டெல்லிக்கு வந்த எத்தனையோ குடும்பங்களின் முதல் உலோக வாட்டர் பாட்டில் அதுதான். ஆடும் ரயிலில் சிந்தாமல் இருக்கத் திருகு மூடி. அடுத்தவர் தண்ணீரைத் தொடாமல் இருக்கத்தான் கூஜாவே! தாகத்துக்குப் பாதி, தீட்டுப் பயத்துக்குப் பாதி. அதைச் சுமக்க ஒரு ஆள் வேறு. 'கூஜா தூக்குவது' என்று ஒரு வசவே தமிழில் வந்து சேர்ந்ததற்கு அந்த ஆள்தான் காரணம்.

எவர்சில்வருக்கு வருவோம். 1913ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகைச் செய்தார். நூற்றுக்கு 18 குரோமியம், 8 நிக்கல் என்று பின்னால் வந்த கலவைதான் நல்ல பாத்திரங்களில் நாம் பார்க்கும் '18/8'. 1981ல் சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு நம் ஊர்ப் பெயரே அந்தத் தகட்டுக்கு ஒரு முத்திரை ஆனது. பழைய பட்டுப்புடவையைப் போட்டு எவர்சில்வர் டபரா வாங்கிய அம்மாக்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

சரி, ஹோல்டர் எங்கே பிறந்தது? பந்தயத்தில். 1903ல் ஆரம்பித்த டூர் டி ஃபிரான்ஸ் போட்டியில் வீரர்கள் ஊர்க் குழாய்களில் நின்று குடித்தார்கள். வழியில் இருந்த மதுக்கடைகளில் கும்பலாகப் புகுந்து கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடிய கதைகளும் உண்டு. நேரம் முக்கியம் ஆனதும் தண்ணீர் வண்டியில் ஏறியது. 1930களின் படங்களைப் பார்த்தால் ஹேண்டில்பாருக்கு முன்னால் ஒரு கம்பிக் கூண்டு, அதில் இரண்டு பாட்டில். கவனியுங்கள், உலோக பாட்டில்! மூடிக்குப் பதில் கார்க். பிற்பாடு கூண்டு ஹேண்டில்பாரிலிருந்து இறங்கி, பெடல் பக்கம் சரிந்து வரும் கீழ்க்குழாய்க்கு வந்து சேர்ந்தது. 1952 டூரில் காப்பி, பார்த்தாலி என்ற இரண்டு இத்தாலியப் போட்டியாளர்கள் மலையேற்றத்தில் பாட்டிலைக் கை மாற்றிக்கொள்ளும் படம் ரொம்பப் பிரசித்தம். யார் யாருக்குக் கொடுத்தார் என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள்.

1950களுக்குப் பிறகு பிளாஸ்டிக் வந்தது. லேசானது, ஓட்டிக்கொண்டே பிழிந்து குடிக்கலாம், தீர்ந்தால் தூக்கி எறியலாம். எறிவது அவ்வளவு சகஜமாகி, 2021ல் சர்வதேச சைக்கிள் சங்கம் கண்ட இடத்தில் பாட்டில் எறிந்தால் தண்டனை என்று விதி போடும்படி ஆனது. இன்றைய ஹோல்டரின் அளவெல்லாம் அந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு வெட்டிய அளவு. குறுக்களவு சுமார் 73, 74 மில்லிமீட்டர். ஃபிரேமில் இருக்கும் இரண்டு திருகு ஓட்டைகளுக்கு நடுவே 64 மில்லிமீட்டர். பாட்டிலின் கழுத்துக்குக் கீழே ஒரு பள்ளம், ஹோல்டரின் நாக்கு அதில் போய்ப் பிடித்துக்கொள்ளும்.

என் தொழில் பாஷையில் சொன்னால், பந்தயக்காரருக்கு பாட்டில் என்பது செலவு. நமக்கு அது சொத்து. செலவுக்குச் செய்த கூண்டில் சொத்தை வைக்கப் பார்க்கிறோம். நம் ஸ்டீல் பாட்டிலில் அந்தப் பள்ளம் கிடையாது. பிழிய முடியாது. ரேஸ் பாட்டில் காலியாக நூறு கிராம்கூட இருக்காது, இதுவோ ஒரு லிட்டர் அளவென்றால் தண்ணீருடன் ஒன்றேகால் கிலோவைத் தொடும். குதிக்காமல் என்ன செய்யும்?

இந்த இடத்தில் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1991ல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள், கூலி வேலைக்குப் போன பெண்கள் என்று ஒரு லட்சம் பேருக்கு மேல் அதில் கலந்துகொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்ததும் பெண்கள் தயங்காமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். அந்த பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டாம். பஸ்ஸுக்குக் காத்திருப்பது குறைந்தது, தண்ணீருக்கு நடக்கும் நேரமும் குறைந்தது. கேரியரின் இரண்டு பக்கமும் குடம். அதை இறுக்கிப் பிடித்தது எது தெரியுமா? கிழிந்துபோன சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டிய ரப்பர். இந்தச் சரித்திரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த சாமான் இதுதான்.

இனி நம் கேள்விக்கு வருவோம்.

முதலில் கடைக்குப் போகாதீர்கள், ஒரு நூலை எடுங்கள். பாட்டிலின் வயிற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். 23 செ.மீ. வந்தால் சாதாரண ஹோல்டரே பொருந்தும். 21, 22 என்றால் உள்ளே ஆடும், ட்யூப் ரப்பரைக் கூண்டுக் கம்பியில் சுற்றிவிட்டால் சரியாகிவிடும், கடகட சத்தமும் போய்விடும். 24க்கு மேல் என்றால், வெந்நீர் காக்கும் இரட்டைச் சுவர் பாட்டில்கள் பலவும் அப்படித்தான், அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையோ வார் போட்டு இறுக்கும் வகையோ வேண்டும்.

இரண்டாவது, எதில் செய்தது? மெல்லிய பிளாஸ்டிக் ஹோல்டர் இந்தக் கனத்துக்கு நாளடைவில் விரிசல் விடும். அலுமினியம் மலிவு, லேசு, ஆனால் எஃகு அதைவிடக் கடினம். உரச உரச பாட்டிலில் கருப்புக் கோடு விழும். பாட்டில் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள், தேய்வது ஹோல்டர்தான் (நிஜமான தேய்மானம்!). எஃகுக் கம்பியில் செய்தது கொஞ்சம் கனம், ஆனால் வில் மாதிரி பிடிக்கும், வளைந்தாலும் கையால் நிமிர்த்தலாம். என் ஓட்டு அதற்கே.

மூன்றாவது, எந்த ஹோல்டர் ஆனாலும் மேலே ஒரு கட்டு கட்டாயம். ட்யூப் நாடாவோ வெல்க்ரோ வாரோ போதும். பாட்டில் எகிறுவது மேல்நோக்கி, பக்கவாட்டுக் கம்பி மட்டும் அதைத் தடுக்காது.

நான்காவது, பழைய மாடல் வண்டியில் திருகு ஓட்டை இருக்காது. அதற்காக ஃபிரேமில் துளை போடாதீர்கள், குழாய் பலவீனமாகும். குழாயைச் சுற்றி இறுக்கும் கிளாம்ப் ஹோல்டர் ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டில் கேட்டுப் பாருங்கள். கம்பி பிரேக் வண்டியில் ஹேண்டில்பாரில் மாட்ட வேண்டாம், பிரேக் கம்பியில் இடிக்கும். முன்கூடை இருக்கிற வண்டி என்றால் இந்தப் பாடே இல்லை, கூடைக்குள் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து பாட்டிலைக் கட்டிவிடுங்கள்.

ஐந்தாவது, பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது. ஸ்டீல் பாட்டிலைத் திருகித் திறக்க இரண்டு கை வேண்டும். ஓரமாக நிறுத்தி, காலை ஊன்றிவிட்டுத்தான் குடிக்க வேண்டும். பாட்டில் விழுந்தால் விழட்டும், வண்டியை ஓரம் கட்டிய பிறகுதான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

வெயிலுக்கு ஒன்று. ஒற்றைச் சுவர் ஸ்டீல் சீக்கிரம் சுடும். பழைய பட்டாளத்துத் தண்ணீர் பாட்டிலுக்குக் கம்பளி உறை போட்டிருப்பார்கள். வட இந்தியாவில் 'சாகல்' என்று கித்தான் பையில் தண்ணீர் தொங்கவிடுவார்கள். இரண்டிலும் சூட்சுமம் ஒன்றே, ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிரும். பழைய காட்டன் சாக்ஸை நனைத்து பாட்டிலுக்கு மாட்டுங்கள். டெல்லியின் வறண்ட மே மாதத்தில் நன்றாக வேலை செய்யும், ஜூலைப் புழுக்கத்தில் அவ்வளவாக இல்லை.

2024 மே கடைசியில் நமக்குப் பக்கத்திலேயே சஃப்தர்ஜங்கில் 46 டிகிரியைத் தாண்டியது. அந்த வெயிலிலும் நம் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் சைக்கிளில் வந்தவர்கள் உண்டு. அவர்கள் வண்டியில் ஹோல்டரைப் பார்க்க முடியாது, ஹேண்டில்பாரில் துணிப்பை, அதற்குள் எப்போதோ வாங்கிய மினரல் வாட்டர் பாட்டிலில் வீட்டுத் தண்ணீர். மதியத்துக்குள் அது தீர்ந்துவிடும். பிள்ளைக்கு ஹோல்டர் வாங்கப் போகிற அன்று, முடிந்தால் கூடவே ஒரு பெரிய மண்பானையும் வாங்குங்கள். கேட்டுக்கு வெளியே, நிழலில், யார் வேண்டுமானாலும் மொண்டு குடிக்கிற மாதிரி வையுங்கள். மூடியும், நீளக் கைப்பிடி வைத்த கரண்டியும் மறக்க வேண்டாம்.