சுக்கிரன் மூடமும் எங்கட பஞ்சாங்கமும்

சித்திரை வருஷம் பிறக்கப்போகுது என்றால் பஞ்சாங்கம் தேடுவது எங்கட சனத்தின் பழக்கம். ஊரில் இருந்தாலும் சரி, ஃபர்வானியாவில் ஓர் அறைக்குள் ஆறுபேர் இருந்தாலும் சரி, ஒஸ்லோவில் குளிருக்குள் இருந்தாலும் சரி, யாராவது ஒருவர் எங்கிருந்தோ ஒரு பஞ்சாங்கம் எடுத்து வைத்திருப்பார். வருஷம் எத்தனை மணிக்குப் பிறக்குது, மருத்துநீர் எப்போது வைப்பது, கைவிசேடம் எப்போது என்று பார்த்து முடிந்ததும் அடுத்துப் பார்ப்பது கலியாண நாட்களைத்தான். அங்கே சில மாதங்களில் ஒரு நாள்கூட இராது. ஏன் என்று கேட்டால் "வியாழன் மூடம்", "சுக்கிரன் மூடம்" என்பார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஒரு மாத லீவு கிடைக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஒரு சொல்லால் கலியாணமே தள்ளிப் போய்விடுகிறது.

இந்த மூடம் என்ன, எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் ஏ.எல். வரை படித்துவிட்டு பாக்டரி வேலைக்கு வந்தவன். சாத்திரியாரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. வாசித்து விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன்.

ஒரு கிரகம் வானத்தில் சூரியனுக்குக் கிட்ட வந்தால் சூரிய வெளிச்சத்தில் அது எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். இதற்குத்தான் அஸ்தங்கம், மௌட்டியம், மூடம் என்று பெயர்கள். கிரகம் எரிந்தும் போகவில்லை, தேய்ந்தும் போகவில்லை. எங்கள் பார்வைக்கு மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அமாவாசை என்பதும் சந்திரனுடைய மூடமே.

எவ்வளவு கிட்ட வந்தால் மூடம்? ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட நூலாகிய சூரிய சித்தாந்தம் இதற்குக் கணக்குச் சொல்கிறது. சந்திரனுக்கு 12 பாகை, செவ்வாய்க்கு 17, புதனுக்கு 14, வியாழனுக்கு 11, சுக்கிரனுக்கு 10, சனிக்கு 15. புதன் வக்கிரமாக இருந்தால் 12, சுக்கிரன் வக்கிரமாக இருந்தால் 8. இந்தப் பாகை உண்மையில் நேரத்தின் அளவு. ஒரு நாளுக்கு 60 நாழிகை, வானம் ஒரு முழுச் சுற்றுக்கு 360 பாகை. ஆகவே ஒரு நாழிகைக்கு 6 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். வியாழனுக்கு 11 பாகை என்றால், சூரியன் இறங்கி 44 நிமிடத்துக்குள் வியாழனும் இறங்கிவிடும் என்று பொருள். அந்த நேரத்தில் மேற்கு வானம் இன்னும் வெளிச்சமாக இருப்பதால் வியாழனைக் காண முடியாது.

இப்போது அந்த எண்களை ஒருக்கா வடிவாகப் பாருங்கள். எல்லாவற்றிலும் பிரகாசமான கிரகம் சுக்கிரன், அதற்கு 10 பாகை போதும். அடுத்தது வியாழன், அதற்கு 11. மங்கலாகத் தெரிகிற செவ்வாய்க்கு 17 வேண்டும். சுக்கிரன் வக்கிரமாகும்போது பூமிக்குக் கிட்ட வருகிறது. அப்போது இன்னும் நன்றாகத் தெரியும் என்பதால் 8. தூரதரிசினி இல்லாத காலத்தில், யாரோ மாலைக்கு மாலை வெளியில் நின்று, எந்தக் கிரகம் எப்போது மறையுது, எப்போது திரும்பத் தெரியுது என்று பார்த்து எழுதிய கணக்கு இது. இந்த அட்டவணையில் நல்லது கெட்டது ஒன்றும் இல்லை. உள்ளது ஒளியின் அளவு மட்டும்தான்.

குவைத்தில் இருக்கிற எங்களுக்கு இதை விளங்கிக்கொள்வது சுகம். ஒவ்வொரு வருஷமும் றமழான் பிறை பார்ப்பதற்கு இங்கே ஒரு குழு கூடுகிறது. சூரியன் இறங்கிய பிறகு மேற்கில் பிறை தெரியுதா என்று பார்க்கிறார்கள். சந்திரன் மூடத்தில் இருந்து வெளியே வந்துவிட்டதா என்பதுதான் அந்தக் கேள்வி. எங்கள் நூல் சந்திரனுக்குச் சொன்ன 12 பாகை, அதாவது 48 நிமிடம், இதே பார்வைக்கான அளவுதான். இங்கே கனபேருடைய சுவரில் தொங்குவது உஜைரி கலண்டர். அதைக் கணித்த சாலிஹ் அல் உஜைரி 2022இல் நூறு வயதைத் தாண்டிக் காலமானார். எங்களுக்குப் பஞ்சாங்க ஐயர் எப்படியோ, குவைத் சனத்துக்கு அவர் அப்படி.

இந்தப் பார்வையின் மிகப் பழைய பதிவு ஒன்று எங்களுக்குக் கிட்டத்தான் பிறந்தது. ஃபர்வானியாவில் இருந்து வடமேற்கே ஏறக்குறைய 500 கிலோமீற்றரில் ஈராக்கிலே பழைய பாபிலோன் நகரம் இருக்கிறது. ஏறக்குறைய 3600 வருஷத்துக்கு முன் அங்கே அம்மிசதுக்கா என்ற அரசன் ஆண்டான். அவன் காலத்தில் வெள்ளிக் கிரகம் எந்த நாளில் மேற்கில் மறைந்தது, எத்தனை நாள் காணாமல் இருந்தது, எந்த நாளில் கிழக்கில் திரும்பத் தெரிந்தது என்று 21 வருஷத்துக்குக் குறித்து வைத்திருக்கிறார்கள். நினிவே நகரில் கிடைத்த அதன் களிமண் பிரதி இப்போது லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்களும் அதை வைத்துப் பலன் சொன்னார்கள். ஆனால் அது மழை, விளைச்சல், அரசன், யுத்தம் என்று நாட்டுக்குச் சொன்ன பலன். தனி ஆளுக்குப் பிறப்புச் சாதகம் எழுதுவது மிகப் பிந்தி வந்தது. பாபிலோனில் கிடைத்த மிகப் பழைய சாதகம் கி.மு. 410ஐச் சேர்ந்தது. எங்கள் சங்கத் தமிழரும் வெள்ளி தெற்கே போனால் மழை பொய்க்கும் என்றுதான் நம்பினார்கள். பட்டினப்பாலையின் தொடக்கத்தில் அது வருகிறது. அதுவும் நாட்டுக்கான பயம்தான்.

தமிழ்க் கணிதர்கள் கெட்டிக்காரர். கிரகக் கணக்குகளை வாக்கியங்களாக மனப்பாடம் செய்து, சோழிகளைப் பரப்பிக் கூட்டிக் கழித்துக் கிரகணம் சொன்னார்கள். வாக்கிய பஞ்சாங்கம் என்ற பெயர் வந்ததும் அதனால்தான். சூரியனுக்கு முன்னால் சுக்கிரன் கடந்து போவதைப் பார்ப்பதற்கு லெ ஜாந்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர் 1760இல் பாண்டிச்சேரிக்கு வெளிக்கிட்டார். சுக்கிரனுக்கு அதைவிடப் பெரிய மூடம் கிடையாது. 1761இல் யுத்தத்தால் பாண்டிச்சேரியில் இறங்க முடியாமல் கடலில் நின்றார். 1769 யூனில் கரையில் எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தும் முகில் மூடிவிட்டது. பதினொரு வருஷம் கழித்து வீடு போய்ச் சேர்ந்தால், அவர் செத்துப்போனார் என்று சொத்தைப் பிரிக்க ஆயத்தமாக நிற்கிறார்கள்! ஆனால் அவர் வெறுங்கையோடு போகவில்லை. ஒரு தமிழர் அவருக்குக் கணித்துக் காட்டிய 1765ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தின் கால அளவு 41 செக்கன் மட்டுமே பிழைத்திருந்தது. அன்றைய ஐரோப்பிய அட்டவணை 68 செக்கன் பிழைத்தது. லெ ஜாந்தீ இதைத் தன் நாட்டாருக்கு எழுதிச் சொன்னார்.

ஆனால் மனப்பாடக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. சின்னப் பிழை வருஷா வருஷம் சேர்ந்து பெரிதாகும். வானத்தைப் பார்த்துத் திருத்தாவிட்டால் கணக்கு ஒரு பக்கம், கிரகம் ஒரு பக்கம். 1829இல் யாழ்ப்பாணத்தில் இது வெளிப்பட்டது. அராலி விசுவநாத சாஸ்திரியாருடைய பஞ்சாங்கம் சொன்ன சந்திர கிரகணக் கணக்கு பிழை என்று வட்டுக்கோட்டை செமினறி அதிபர் டானியல் புவர் முன்கூட்டியே சொன்னார். அன்றிரவு சனம் பார்த்துக்கொண்டு நின்றது. புவருடைய கணக்குத்தான் சரிவந்தது. தீர்ப்புச் சொன்னது பாதிரியாரும் இல்லை, சாஸ்திரியாரும் இல்லை, வானம்.

சென்னையில் இதே வேலையை எங்கள் ஆள் ஒருவரே செய்தார். சென்னை வானாய்வு நிலையத்தில் வேலை செய்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874 டிசம்பரில் சுக்கிரன் திரும்பவும் சூரியனைக் கடக்க இருந்தபோது, சாதாரண சனத்துக்கு விளங்கும்படி அதைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதிப் பல மொழிகளில் வெளிவரச் செய்தார். பஞ்சாங்கத்தைப் பார்வையோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்று 1880இல் சாகும்வரை பாடுபட்டார். திருக்கணிதம் என்பதில் உள்ள 'திருக்' என்ற வடசொல்லுக்குப் பொருளே காண்பது என்பதுதான். இன்றும் யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் வருகிறது. வருஷப் பிறப்பு நேரமும் மூடம் தொடங்குகிற நாளும் இரண்டிலும் ஒன்றாக இராது.

ஏன் இவ்வளவையும் சொன்னேன் என்றால், பார்வைக்காக வந்த இந்தக் கணக்கு இன்று ஆட்களைக் கழிக்கிற கணக்காகிவிட்டது. சாதகத்தில் "சுக்கிரன் அஸ்தங்கம், தாம்பத்தியம் சரிவராது" என்று ஒரு வரி கிடந்தால் பெண்ணைப் பார்க்காமலே வேண்டாம் என்கிறார்கள். சுக்கிரன் 584 நாளுக்கு ஒருக்கா தன் சுற்றை முடிக்கிறது. அதற்குள் ஒருதரம் இரண்டு மாதத்துக்கு மேலும், இன்னொருதரம் ஏறக்குறைய ஒரு கிழமையும் மறைந்திருக்கும். அப்படிப் பார்த்தால் பிறக்கிற எட்டுப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஒரு பிள்ளைக்குச் சுக்கிரன் அஸ்தங்கம். எட்டில் ஒருவருடைய வாழ்க்கை பழுதாய்ப் போகுமா? சண்டைக்குள்ளும் முகாமுக்குள்ளும் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த நேரமே சரியாக எழுதி வைக்க முடியாத சனம் நாங்கள். இன்னொன்று, இந்தப் பாகைகள் எங்கள் ஊர் வானத்துக்குப் பொருந்தி வந்தவை. நோர்வேயில் கோடைகாலத்தில் சூரியன் இறங்கி 44 நிமிடம் கழித்தும் வெளிச்சம் குறையாது. அங்கே அந்தக் கணக்கு எப்படிச் செல்லும்?

பஞ்சாங்கத்தை எறியச் சொல்லவில்லை. அது எங்கள் முன்னோரின் கல்வி. வருஷப் பிறப்பும் தைப்பொங்கலும் அதில்தான் நிற்கின்றன. அதைச் செய்தவர்கள் வானத்தைப் பார்த்துச் செய்தார்கள். நாங்களும் ஒருக்கா வெளியே வந்து பார்ப்போம். இன்று காணாமல் போன வெள்ளி சில கிழமைகளில் மற்றப் பக்கத்தால் முன்னையப்போலவே பளிச்சென்று வரும், ஒரு குறையும் இராது. சாதகத்தில் வெள்ளி மறைந்திருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் இல்லை. இந்தப் புத்தாண்டில் அவர்களைத் தேடிப் பொருத்தம் பேச வருகிறவர்கள் குறிப்பை விரிக்க முதல் பிள்ளையின் முகத்தைப் பார்க்கட்டும்.

உறவுகள் அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.