மரில்லியனின் முதல் இசைத்தட்டு: ஒரு சங்கீத சம்பிரதாயத்தின் புனர்ஜன்மம்

எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கிங் கிரிம்ஸன், யெஸ், ஜெனிஸிஸ் முதலிய குழுக்களால் செழித்தோங்கிய புரோகிரெஸிவ் ராக் என்னும் சங்கீத சம்பிரதாயம், தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பி விரியும் உருப்படிகளைத் தன் பெருமையாகக் கொண்டிருந்தது. 1976, 1977ஆம் ஆண்டுகளில் எழுந்த பங்க் இசை, குறுகிய பாட்டும் முரட்டுக் குரலுமே இளைஞருக்கு உரியவை என முழங்கியபோது, அந்தச் சம்பிரதாயம் பத்திரிகைகளின் பரிகாசத்துக்கு ஆளாயிற்று. பாடகர் பீட்டர் கேப்ரியலும் கிட்டார் வித்வான் ஸ்டீவ் ஹாக்கெட்டும் விலகிய பின் ஜெனிஸிஸ் குழுவே சுருக்கமான பாடல்களின் பக்கம் திரும்பிற்று. மூத்தோரே கைவிட்ட அம்மரபு, 1983 மார்ச் மாதத்தில் ஈ.எம்.ஐ. நிறுவனம் வெளியிட்ட, மரில்லியன் குழுவின் ‘ஸ்கிரிப்ட் ஃபார் எ ஜெஸ்டர்ஸ் டியர்’ என்னும் முதல் இசைத்தட்டில் எவ்வாறு புத்துயிர் பெற்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டோல்கியனுடைய நூலின் பெயரால் சில்மரில்லியன் என வழங்கிப் பின்னர் மரில்லியன் எனச் சுருங்கிய இக்குழு, டிரம் கலைஞர் மிக் பாயிண்டரின் முயற்சியால் பக்கிங்ஹாம்ஷயரின் எய்ல்ஸ்பரி நகரில் உருவாகி, 1979இல் கிட்டார் வித்வான் ஸ்டீவ் ராதரியையும், 1981இல் ஃபிஷ் என்ற புனைபெயருடைய ஸ்காட்லாந்துப் பாடகர் டெரெக் டிக்கையும் கீபோர்டு கலைஞர் மார்க் கெல்லியையும், 1982இல் பாஸ் கிட்டார் வாசிக்கும் பீட் ட்ரெவாவாஸையும் பெற்று முழுமையடைந்தது. லண்டன் மார்க்கீ கிளப் முதலிய அரங்குகளில் ஓயாது வாசித்துத் திரட்டிய ரஸிகர் கூட்டமே அதன் மூலதனம்.

1982 அக்டோபரில் வெளிவந்த முதல் சிறுதட்டின் 12 அங்குலப் பதிப்பில், 17 நிமிஷத்துக்கும் மேல் நீளும் ‘கிரெண்டெல்’ இடம்பெற்றது. ஜெனிஸிஸின் ‘சப்பர்ஸ் ரெடி’யுடைய சாயல் அதில் வெளிப்படையாகவே படிந்திருந்தது. மேடையில் பேராதரவு பெற்ற அவ்வுருப்படியை, நிக் டாபரின் தயாரிப்பில் பதிவான முதல் நீள்தட்டில் அவர்கள் சேர்க்கவில்லை. அத்தட்டின் 6 பாடல்களில் ஒன்றுகூட 9 நிமிஷத்தை எட்டவில்லை என்பது, விஸ்தாரத்தை விரும்பிய ஒரு மரபு பங்க் யுகத்தின் கண்டனத்திலிருந்து கற்றுக்கொண்ட கட்டுப்பாட்டையே காட்டுகிறது.

குறைந்த நேரத்துக்குள் உணர்ச்சியின் முழு வீச்சையும் அடக்கும் பொறுப்பு ராதரியின் கிட்டாருக்கு வந்து சேர்ந்தது. வேகத்தால் வியக்கவைக்கும் வித்தையை நாடாமல், ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தி, அது தேய்ந்து மறையும்வரை அதன் கார்வையைக் கேட்கச் செய்வது அவருடைய மார்க்கம். ‘செல்ஸீ மண்டே’யில், புகழைக் கனவு கண்டு தேம்ஸ் நதியில் உயிர்நீத்த பெண்ணின் கதையைப் பாடகர் சொல்லாது விட்ட இடங்களில் எல்லாம், அந்தக் கிட்டாரே சோகத்தை ஏற்று நடத்துகிறது.

பாடுபொருளிலும் இதே மாற்றம் நேர்ந்தது. புராணக் கற்பனைகளை விட்டு விலகிய ஃபிஷ், போதைப் பழக்கத்தின் நரகத்தையும், கேம்பிரிட்ஜ் மேட்டுக்குடியினரின் விருந்துப் பகட்டையும், ‘ஃபர்காட்டன் சன்ஸ்’ என்னும் இறுதிப் பாடலில் வட அயர்லாந்துக்கு அனுப்பப்பட்ட இளம் போர்வீரர்களின் அவலத்தையும் பாடினார்.

ஜெனிஸிஸின் நகல் என்று அக்காலத்து விமர்சகர் பலர் இக்குழுவை ஒதுக்கினர். முகத்தில் சாயம் தீட்டிய பாடகரின் தோற்றமும் கீபோர்டின் சில பிரயோகங்களும் அவ்வாதத்துக்கு இடமளித்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் தோற்றத்தைக் கொண்டு தீர்ப்பளித்தோர், உள்ளே நிகழ்ந்திருந்த மாற்றத்தைக் கவனியாது விட்டனர். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 7ஆம் இடத்தை எட்டிய இத்தட்டு, ட்வெல்ஃப்த் நைட், ஐக்யூ, பாலஸ் முதலிய சமகாலக் குழுக்களும் வளர்த்துவந்த நியோ புரோகிரெஸிவ் இசையைப் பொதுமக்களின் செவிக்குக் கொண்டுசென்றது. இரண்டே ஆண்டுகளில் இக்குழுவின் ‘மிஸ்பிளேஸ்ட் சைல்ட்ஹுட்’ அப்பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. முன்னோரின் வடிவத்தைச் சுருக்கவும், அதில் தம் காலத்தின் துக்கத்தைப் பெய்யவும் துணிந்தவர்களாலேயே அந்த மரபு பிழைத்தது என்பதற்கு இவ்விசைத்தட்டு மறுக்கவொண்ணாச் சான்றாக நிற்கிறது.