வழிநூலும் களவும்

காட்கோபரில் வாழும் தமிழன்பர் ஒருவர் கல்லூரி ஆசிரியர். அண்மையில் அவர் நம்மிடம் மிக வருந்திப் பேசினார். அவருடைய வகுப்பு மாணவர் அளித்த கட்டுரைகளுள் பதினொன்றில் ஒரே சொல், ஒரே இடத்தில், ஒரே விதமாகப் பிழைபட்டிருந்ததாம். “பிழையையாவது தாமே செய்திருக்கலாகாதா?” என்றார். கேட்பவர்க்கு நகை தோன்றினும், சொன்னவர்க்கு அது வேதனையே.

பிறர் எழுத்தை எடுத்தாள்வது பற்றி நம் முன்னோர் ஆழ எண்ணியுள்ளனர். தொல்காப்பிய மரபியல், நூலை முதல்நூல் என்றும் வழிநூல் என்றும் பகுக்கின்றது. தொகுத்தல், விரித்தல், தொகுத்தும் விரித்தும் கூறல், மொழிபெயர்த்தல் என வழிநூல் நால்வகைப்படும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கும் அம்மரபில் ஓர் இடம் உண்டு என்பது மகிழ்ச்சி தருவது. ஆகவே, முன்னோர் நூலிலிருந்து பொருள் கொள்வதைத் தமிழ் மரபு குற்றமாகக் கருதியதில்லை.

அவ்வாறாயின் குற்றம் எது? கொண்ட இடத்தை மறைப்பதே குற்றம். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தவரான பவணந்தி முனிவர், சிறப்புப் பாயிரம் கூற வேண்டிய செய்திகள் எட்டு என்று நன்னூலில் வகுத்தார். முதலாவது ஆக்கியோன் பெயர். இரண்டாவது ‘வழி’, அதாவது அந்நூல் எதன் வழிவந்தது என்பது. நூலின் பெயரே அதற்குப் பின்னர்தான் வருகின்றது!

இவ்வொழுக்கம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் விருத்தியுரை கண்டார். 18-ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அதனைத் திருத்தினார். திருத்தியவர் பெரும்புலவர், எனினும் முதலில் எழுதியவர் பெயர் மறையவில்லை. இன்றும் அவ்வுரை இருவர் பெயராலும் வழங்குகின்றது. ஓலைச்சுவடியைப் படியெடுத்தவர் பலரும், எழுதி முடித்த நாளையும் தம் பெயரையும் இறுதியில் குறித்து வைத்தனர். படியெடுத்தலை ஒரு பணியாக அவர்கள் மதித்தனரேயன்றி மறைக்கவில்லை.

அச்சுக் காலத்திற்கு வருவோம். 1880-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தவர் உ. வே. சாமிநாதையர். சேலம் இராமசாமி முதலியார் தூண்டியதனால் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கி, 1887-இல் பதிப்பித்தார். சமண சமய நுட்பங்களை அவ்வூர்ச் சைனர்களிடம் கேட்டறிந்தார். ஏடு தந்தவர்களின் பெயர்களை முகவுரையில் நன்றியுடன் எழுதினார். இத்தனை பேருக்கு நன்றி கூறியதால் ஐயரின் புகழ் குறைந்ததா? வளர்ந்ததன்றோ!

இன்று இதற்குச் சட்டமும் வந்துள்ளது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்த விதிகளின்படி, ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனையில்லை. 60 விழுக்காட்டைக் கடந்தால் மாணவரின் பதிவே நீக்கப்படும். ஒப்புமையைக் கணிப்பொறி காட்டிவிடும். ஆனால் மாணவர் ஏன் பிறர் எழுத்தை நாடுகின்றார் என்பதை அது காட்டாது.

அதற்கும் நன்னூலில் ஒரு குறிப்பு உண்டு. பாடம் பெறத் தகாதவர் வரிசையில் கள்வனை வைத்த பவணந்தியார், பழைய நூல்களைக் கண்டு அஞ்சித் தடுமாறுபவனையும் அவ்வரிசையிலேயே வைத்தார். நம் பிள்ளைகளுள் பலர் முன்னவர் அல்லர், பின்னவரே. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தியும் இந்தியும், தேர்வில் ஆங்கிலம் என்றிருக்கும் மாணவர்க்குத் தம் சொல்லில் எழுத அச்சம் தோன்றுதல் இயல்பு. அச்சம் களவாக முடிகின்றது.

மருந்தும் அங்கேயே இருக்கின்றது. ஆசிரியர் சொல்வதைச் செவ்வையாகக் கேட்டால் கல்வியில் கால்பங்கு வரும். உடன் பயில்வோருடன் பழகினால் இன்னொரு கால்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதனால் வரும் என்பது நன்னூலின் கணக்கு. பார்த்தெழுதுபவர் ஆசிரியரை ஏமாற்றுவது சிறிது. தாம் இழப்பதோ கல்வியில் சரிபாதி.

எனவே, நேயர்களே, உங்கள் வீட்டுக் கல்லூரி மாணவர் கட்டுரை எழுதுமுன், அதன் பொருளைத் தாயிடமோ தந்தையிடமோ தமிழில் ஒருமுறை சொல்லட்டும். புரியாத இடத்தில் நீங்கள் வினவுங்கள். அவ்வாறு சொல்லிப் பழகிய பொருளை எம்மொழியிலும் தாமே எழுதலாம். அதில் பிழை நேரினும், அது அவருடைய பிழையாக இருக்கும். திருத்துவதற்கு ஆசிரியர் இருக்கின்றார்.