புறம்போக்கு: வரிக்கு வெளியே, ஊருக்கு உள்ளே

வானகரம் என்றால் செய்தித்தாள் படிப்பவர்களுக்குக் கட்சிப் பொதுக்குழு நினைவுக்கு வரும். மீன் வாங்குபவர்களுக்கு மொத்த மீன் அங்காடி. இந்த வட்டாரத்தில், மதுரவாயலிலோ அயனம்பாக்கத்திலோ திருவேற்காட்டிலோ மனை வாங்க இறங்கியவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். தரகரிடம் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி அது: “பட்டா நிலமா, புறம்போக்கா?” இங்கே தெருவில் இரண்டு பேருக்குள் வாய்த்தகராறு முற்றினால் காதில் விழுவதும் அந்தச் சொல்தான்: “போடா பொறம்போக்கு!”

நிலத்தின் வகையைக் குறித்த சொல் எப்படி மனிதரைத் திட்டும் சொல்லாயிற்று? மானிடவியல், சமூகவியல், அரசியல் அறிவியல் என்ற மூன்று பெயர்களையும் இந்த ஆண்டுதான் பாடத்திட்டத்தில் பார்க்கப்போகும் மாணவர்களுக்கு இந்த ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்பலாம் என்று நினைக்கிறேன். இதைத் தொடர்ந்து போனால் மூன்று துறைகளுக்குள்ளும் போய்த்தான் ஆக வேண்டும்.

புறம் என்றால் வெளி. போக்கு என்றால் போனது, போக்கப்பட்டது. வெளியே தள்ளப்பட்டது என்று பொருள் கொள்ளலாம். எதற்கு வெளியே? ஊருக்கு வெளியே என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் புறம்போக்கின் வகைகளைச் சொல்லிப் பாருங்கள்: ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை, களம், மந்தைவெளி, மேய்ச்சல் தரை, தோப்பு, நத்தம், சுடுகாடு. இவை இல்லாவிட்டால் ஊரே இல்லை. இவை வெளியே போனது வரிக் கணக்கிலிருந்து. ஊரின் மொத்தப் பரப்பை அளந்து, பயிர் வைத்துத் தீர்வை கட்ட முடியாததைக் கழித்து, மிஞ்சியதற்கு வரி போட்டார்கள். கழித்துவிட்டதன் பெயர் புறம்போக்கு. கணக்கு எழுதியவரின் இடத்திலிருந்து பார்த்தால்தான் அது ‘புறம்’. ஏரியில் மாடு கழுவியவருக்கு அது ஊரின் நடு.

இப்படிக் கழிக்கும் வழக்கம் மிகப் பழையது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகளில் ஒவ்வொரு ஊருக்கும் மொத்த நிலம் சொல்லப்படுகிறது. பிறகு ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடே போகும் வாய்க்கால்கள், கம்மாளர் இருந்த சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று வரியில்லாத நிலங்கள் வரிசையாக வருகின்றன. அவற்றை நீக்கிய பிறகே வரி நிலம் கணக்காகிறது. வரியில்லாத நிலம் அங்கே இறையிலி. அந்தப் பட்டியலைச் சமூகவியல் மாணவர் இன்னும் ஒருமுறை படிக்க வேண்டும். குடியிருப்பு ஒன்றாக இல்லை. நத்தம் வேறு, சேரி வேறு. சுடுகாடுகூடச் சில ஊர்களில் பிரித்தே எழுதப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் பொதுவானதாக நாம் நினைக்கும் நிலத்திலேயே யார் எங்கே நிற்கலாம் என்ற கோடு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே போடப்பட்டுவிட்டது.

பூந்தமல்லியைச் சுற்றிய இந்த மண் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது 18ஆம் நூற்றாண்டில். செங்கல்பட்டுப் பகுதியை ஆர்க்காட்டு நவாபு 1763இல் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். சில ஆண்டுகளுக்குள் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அங்கிருந்த ஏறத்தாழ 2,000 ஊர்களை அளக்கத் தொடங்கினார். நிலம் யாருடையது என்று கம்பெனிக்காரர்கள் கேட்டபோது தெளிவான ஒரு பதில் கிடைக்கவில்லை. ஊரைப் பங்குகளாக வைத்திருந்த காணியாட்சிக்காரர்கள், அதாவது மிராசுதார்கள், தரிசும் தோப்பும்கூடத் தங்கள் பங்கில் அடக்கம் என்றார்கள். 1790களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் இதைப் பற்றி நீண்ட அறிக்கை எழுதினார். சென்னை கலெக்டர் எல்லிஸ், திராவிட மொழிக்குடும்பத்தை முதலில் எடுத்துக்காட்டிய அதே எல்லிஸ், சங்கரையா என்பவரின் துணையோடு மிராசு உரிமை பற்றிய கேள்விகளுக்கு விடை எழுதி 1818இல் அது அச்சானது. ஒரு ஊரின் களத்துமேடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு இவ்வளவு தாள் செலவழிந்திருக்கிறது. அரசியல் அறிவியல் என்றால் அரசியல் சட்டமும் தேர்தலும் மட்டும் என்று நினைப்பவர்கள் அந்தத் தாள்களைப் புரட்டினால் மனம் மாறுவார்கள்.

பதில் கடைசியில் சட்டமாக வந்தது. 1905ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம், தனியார் உரிமை நிறுவப்படாத சாலை, ஆற்றுப்படுகை, ஏரி, குளம் எல்லாம் அரசின் சொத்து என்று அறிவித்தது. அதுவரை ஊரின் வழக்கத்தில் இருந்தது அன்றுமுதல் சர்க்காருடையது. அதில் குடிசை போட்டவர் ஆக்கிரமிப்பாளர். புறம்போக்கு என்ற சொல் மாறவில்லை. அதன் கீழே இருந்த உறவு மாறிவிட்டது.

கிராம நிர்வாக அலுவலகத்தில் இருக்கும் ‘அ’ பதிவேட்டில் இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம். பட்டா நிலமாக இருந்தால் புல எண்ணுக்கு நேரே நன்செய், புன்செய் என்ற வகை, மண்ணின் தரம், தீர்வை, பரப்பு, பட்டா எண், உடையவர் பெயர் என்று கட்டங்கள் நிரம்பியிருக்கும். புறம்போக்குக்கு வந்தால் தீர்வை இல்லை, பெயர் இல்லை. பரப்பு இருக்கும், குறிப்புக் கட்டத்தில் ஒரு சொல் இருக்கும்: ஓடை, களம், பாதை. அங்கே நெல் தூற்றியவர்கள், ஆடு ஓட்டியவர்கள், விறகு பொறுக்கிய பெண்கள் யாருக்கும் அந்த வரியில் இடமில்லை. அரசு தன் வசதிக்காக உலகைச் சுருக்கிப் படிக்கிறது என்று ஜேம்ஸ் ஸ்காட் 1998இல் ஒரு பெரிய நூலே எழுதினார். அவருடைய வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான பக்கம் கிடைப்பது அரிது.

மிராசு ஊர்கள் பொற்காலத்தில் இருந்தன என்றும் சொல்ல முடியாது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை குறித்து எழுதிய குறிப்பு இதற்குச் சாட்சி. நிலமில்லாத அந்த மக்களுக்குத் தாங்கள் குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லை என்பதையும், தரிசு நிலத்தை அவர்கள் கேட்டால் மிராசுதார்கள் குறுக்கே நின்றதையும் அவர் பதிவுசெய்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பரில் பிறந்த அரசாணையிலிருந்துதான் அந்த மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தின் கதை தொடங்குகிறது. ஆகவே ‘ஊருக்குப் பொது’ என்று யாராவது சொன்னால், ஊர் என்றால் யார் என்று கேட்காமல் விடக் கூடாது.

ஆனாலும் ஏழைகள் இந்த நிலத்தை நம்பித்தான் பிழைத்தார்கள். தமிழ்நாடு உள்ளிட்ட 7 மாநிலங்களின் வறண்ட பகுதிகளை ஆராய்ந்து என். எஸ். ஜோதா 1986இல் எழுதிய கட்டுரை, ஏழைக் குடும்பங்களின் வருமானத்தில் 14 முதல் 23 விழுக்காடு வரை பொது நிலங்களிலிருந்து வருவதாகக் காட்டியது. பொது நிலம் என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று காரெட் ஹார்டின் 1968இல் வாதிட்டார். அது பாடநூலெங்கும் பரவியது. எலினார் ஆஸ்ட்ரம் என்ற அரசியல் அறிவியலாளர் உலகெங்கும் ஊர்களைப் பார்த்து, மக்கள் தாங்களே விதி வகுத்துப் பொதுவளத்தைக் காத்த சான்றுகளைத் திரட்டினார். 2009இல் பொருளாதார நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நம் ஏரிப்பாசனத்தில் மடை திறக்கும் நீர்க்கட்டியும், கரையைச் செப்பனிடும் குடிமராமத்தும் அவர் சொன்ன வகை ஏற்பாடுகளே. யார் மண் வெட்ட வேண்டும், யார் வயலுக்கு முதலில் தண்ணீர் என்பதில் சாதி இருந்ததையும் அவற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி வசவுக்கு வருவோம். உடையவர் இல்லாதது, கேட்பாரற்றது, எதற்கும் உதவாதது என்று பொருள் படிப்படியாகச் சரிந்திருக்கிறது. பட்டாவில் பெயர் இருப்பவனே மனிதன் என்ற எண்ணம் ஊறிய பிறகுதான் இந்தச் சரிவு நடக்க முடியும். வகைப்பாட்டுக்குள் அடங்காததையே ஒரு சமூகம் அழுக்கு என்று ஒதுக்குகிறது என்றார் மானிடவியலாளர் மேரி டக்ளஸ், 1966இல். பதிவேட்டில் அடங்காத நிலம். அதன்மேல் விலாசம் இல்லாமல் வாழ்ந்த மக்கள். பிறகு யாரையும் குத்தும் ஒரு சொல். இந்த வரிசையை நினைத்தால் அந்த வசவை என்னால் சிரித்துக்கொண்டு கேட்க முடிவதில்லை.

சொல்லை மீட்கும் முயற்சிகளும் நடந்தன. எஸ். பி. ஜனநாதன் 2015இல் இயக்கிய படத்தின் பெயர் ‘புறம்போக்கு என்கிற பொதுவுடமை’. 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தைக் காக்கக் கோரி டி. எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ திட்டும் சொல்லையே எடுத்துக் கர்நாடக இசையில் வைத்தது. எழுதியவர் கபேர் வாசுகி.

அரசின் சொற்களஞ்சியமோ வேறு திசையில் விரிந்திருக்கிறது. இன்று புறம்போக்கு இரண்டு வகை: ஆட்சேபகரமானது, ஆட்சேபகரமற்றது. நீர்நிலையும் சாலையும் முதல் வகை. 2025 பிப்ரவரியில் தமிழக அமைச்சரவை, சென்னையைச் சுற்றிய ‘பெல்ட் ஏரியா’வில் 1962 முதல் இருந்த தடையைத் தளர்த்தி, ஆட்சேபகரமற்ற புறம்போக்கில் நெடுநாள் குடியிருப்போருக்குப் பட்டா வழங்க முடிவுசெய்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி. இதை நான் மனமார வரவேற்கிறேன். கூவம் கரையில் வாழ்ந்தவர்கள் முதல் வகையில் விழுந்தார்கள். பெரும்பாக்கத்துக்கும் திருமழிசையை அடுத்த குடப்பாக்கத்துக்கும் அவர்கள் அனுப்பப்பட்டார்கள். அதே கூவத்துக்குள் துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலையின் தூண்கள் நிற்கின்றன. ஆறு ஓட வேண்டும், அதில் எனக்கு ஐயமில்லை. ஆட்சேபம் என்ற அளவுகோல் குடிசைக்கும் தூணுக்கும் ஒன்றாக இருந்ததா என்பதே என் கேள்வி.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு, மந்தைவெளி, வண்டி நிறுத்துமிடம், தோப்பு ஆகிய புறம்போக்குகளை ஊராட்சியிடம் ஒப்படைத்திருக்கிறது. நெற்குன்றமும் நொளம்பூரும் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தபோது, இவற்றைப் பற்றி நேருக்கு நேர் கேட்க இடமளித்த கிராம சபையை இழந்தன. இந்த வட்டாரத்தில் இன்னும் ஊராட்சியாக இருக்கும் ஊர்களைச் சேர்ந்த மாணவர்கள், அவையும் மாநகராட்சியோடு சேரும் முன், மார்ச் 22 தண்ணீர் நாள் கிராம சபைக்குப் போய், ‘அ’ பதிவேட்டில் உள்ள ஊர்ப் புறம்போக்கு முழுவதையும் புல எண் விடாமல் சபையில் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். வாசிக்கும்போது பக்கத்தில் முதியவர்களை உட்காரவைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு எண்ணும் முன்பு என்னவாக இருந்தது, யார் அங்கே போகலாம், யார் போகக் கூடாது என்று சொல்ல அவர்களால்தான் முடியும்.