ஜெராக்ஸ் கடையில் பிறந்த தீர்ப்பு

டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் ராமேஸ்வரி என்றொரு ஜெராக்ஸ் கடை. இடம் கொடுத்தது பல்கலைக்கழகம். பக்கத்துக்கு 40 பைசா என்று விலை வைத்ததும் அதுவே. பாடத்திட்டம் சொல்லும் புத்தகங்களில் வேண்டிய அத்தியாயங்களை மட்டும் நகலெடுத்து, சேர்த்துக் கட்டி, கடையில் கொடுப்பார்கள். மாணவர்களுக்கு அது ‘கோர்ஸ் பேக்’. ஒரே ஓர் அத்தியாயத்துக்காக ஆயிரக்கணக்கில் விலையுள்ள புத்தகத்தை எந்த மாணவர் வாங்குவார்?

2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் கடையையும் பல்கலைக்கழகத்தையும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு இழுத்தன. அக்டோபரில் இடைக்காலத் தடையும் வாங்கின. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொகுப்புகளில் எழுத்து இடம்பெற்றிருந்த அறிஞர்கள் பலரே வழக்கு வேண்டாம் என்று கடிதம் எழுதினார்கள். அமர்த்தியா சென்னும் பதிப்பகங்களிடம் அதையே கேட்டுக்கொண்டார்.

வழக்கு முழுக்க 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் வரும் சில சொற்களைச் சுற்றியே நடந்தது. கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ நகலெடுத்தால் அது உரிமை மீறல் ஆகாது என்கிறது அந்தப் பிரிவு. வகுப்பறையில் ஓர் ஆசிரியர் தன் மாணவருக்குக் கொடுப்பதோடு அந்தச் சலுகை முடிந்தது, காசுக்கு நகலெடுக்கும் கடைக்கு அதில் என்ன வேலை என்றன பதிப்பகங்கள்.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் சட்டப்பிரிவு அல்ல. அவருடைய மாணவப் பருவம். அவர் சட்டம் படித்த காலத்தில் நகலெடுக்கும் இயந்திரம் அரிது, செலவும் அதிகம். நூலகத்தில் முறை வைத்து உட்கார்ந்து, பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொள்வார்களாம். கையால் எழுதியபோது குற்றமாகாதது இயந்திரம் வந்ததும் எப்படிக் குற்றமாகும் என்பது அவர் வாதம். கை வலிக்கும், இயந்திரத்துக்கு வலிக்காது என்று பதிப்பகத்தார் முணுமுணுத்திருக்கக்கூடும். அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

மேல்முறையீட்டில், டிசம்பர் 9 அன்று, இரு நீதிபதிகள் அமர்வும் கற்பித்தலை வகுப்பறைச் சுவருக்குள் அடைக்க மறுத்தது. ஆனால் நகலெடுத்த அத்தனை பக்கமும் பாடத்துக்குத் தேவைதானா என்பதை விசாரிக்கச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்த விசாரணை நடக்கவேயில்லை. 2017 மார்ச்சில் மூன்று பதிப்பகங்களும் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.