குன்றின்மேற் கல்லறையும் தோட்டத்துப் புதைகுழியும்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் அரண்மனைகளை மட்டும் கண்டால் போதாது. இடுகாட்டையும் காணல் வேண்டும். ஒரு மக்கட்கூட்டம் எவரை நினைத்தது, எவரை மறந்தது என்பதை அவ்விடம் ஒளியாது உரைக்கும்.

தஞ்சோங் காராங்கிலிருந்து தெற்கே சென்று சிலாங்கூர் ஆற்றைக் கடந்தால் கழிமுகத்தில் கோலா சிலாங்கூர் தோன்றும். இன்று சிற்றூராகக் காணப்படும் இதுவே முற்காலத்தில் சிலாங்கூர் அரசின் தலைநகராக விளங்கியது. புகிசு மரபினரான ராஜா லுமு 1766-இல் சுல்தான் சலேஹுடின் என்னும் பெயருடன் முடிசூடினார். வெள்ளீய வாணிகத்தைத் தமதாக்கிக்கொள்ள முயன்ற ஒல்லாந்தர், அவர் மகன் இப்ராஹிம் காலத்தில், 1784-இல், கடற்படையோடு வந்து மெலாவத்திக் குன்றைக் கைப்பற்றினர். கோட்டைக்குத் தம் ஆளுநர் தலைவராகிய ஆல்டிங்கின் பெயரையும் இட்டனர். சுல்தான் பகாங் நாட்டாரின் துணைபெற்று 1785-இல் அதனை மீட்டார். 1871-இல் ஆங்கிலப் போர்க்கப்பலொன்று இவ்வூரின்மீது குண்டு பொழிந்தது. கடலை நோக்கிய பீரங்கிகளும் 1907-இல் எழுந்த கலங்கரை விளக்கமும் இன்றும் குன்றின்மேல் உள்ளன.

அங்கேயே முதல் மூன்று சுல்தான்களும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். சலேஹுடினுக்குப் பின் 1826-இல் மறைந்த இப்ராஹிமும், 1857-இல் மறைந்த முகம்மதும் அங்கே துயில்கின்றனர். 1898-இல் மறைந்த நான்காமவர் அப்துல் சமாதின் கல்லறை ஜுக்ராவில் உள்ளது. மலாய் மக்கள் தம் மன்னரை மறவாது போற்றுவது பாராட்டத்தக்கதே. அதனைக் குறைகூற யான் எழுதினேனல்லேன். என் குறையெல்லாம் நம்மவரைப் பற்றியதே.

குன்றிலிருந்து உள்நாட்டை நோக்குமின். காப்பியும், பின்னர் ரப்பரும், இன்று செம்பனையும் வளரும் இம்மண்ணைத் திருத்தியவர் யாவர்? நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த தமிழரன்றோ? 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்த பின்னரும் கங்காணிமார் வழியே ஆயிரக்கணக்கானோர் வந்தனர். மலைக்காய்ச்சலுக்கு இரையானோர் பலர்; 1943-இல் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மீளாதோரும் பலர். குன்றின்மேல் ஒரு கல்லுக்கும் ஒரு கிணற்றுக்கும்கூடக் கதை சொல்கின்றனர். நம் பாட்டன்மாருக்கோ பெயரும் இல்லை!

யான் தோட்டத்துக் கிராணி. செக்குரோல் ஏட்டில் ஒருவர் பெயரை எழுதுவதும், அவர் இறந்தபின் அப்பெயரை அடிப்பதும் என் கையே. அந்த ஒரு கோட்டோடு முப்பதாண்டு உழைப்பு முடிந்துவிடுகிறது. புதைகுழியின்மேல் நட்ட மரப்பலகையைக் கறையான் சில ஆண்டுகளில் தின்றுவிடுகிறது. தோட்டம் கைமாறினாலோ, இடுகாடு இருந்த இடமே தெரிவதில்லை.

ஆனால் அப்புதைகுழியிலும் ஒன்றை மட்டும் மறவாது காத்தோம், அது சாதி! உயிரோடிருந்தபோது ஒரே பெரட்டில் நின்று ஒரே நிரையில் பால் வெட்டியவர் இறந்தபின், குழி வெட்டுபவர் யார், பறையடிப்பவர் யார் என்று குலம் பார்த்தனர். 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவிற்கு வந்து சாதியொழிப்பை வலியுறுத்தினார். அதன்பின் எத்தனையோ தலைமுறை கடந்தும் அந்நோய் முற்றும் அகன்றபாடில்லை. பெயரை மறந்து குலத்தை நினைப்பது எவ்வகை அறிவுடைமை?

தோழர்களே! சலவைக்கல் மண்டபம் எழுப்ப வேண்டா. கருமாதிக்குக் கடன் வாங்கவும் வேண்டா. ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் ஏடு தொடங்குவோம். முதியோர் இருக்கும்போதே அவரிடம் கேட்டு, இறந்தவர் பெயர், பிறந்த ஊர், வந்த ஆண்டு, செய்த வேலை, புதைத்த இடம் ஆகியவற்றை எழுதுவோம். மகளிர் பெயரையும், இன்னார் மனைவி என்று விட்டுவிடாது, அவர்தம் பெயராகவே பொறிப்போம். சாதிக்கு மட்டும் அவ்வேட்டில் இடம் வேண்டா.

அடித்த பெயர்களை மீண்டும் எழுத என் பேனா காத்திருக்கிறது. உங்கள் தோட்டத்தில் யார் எழுதப் போகிறார்?